வெளுக்கப் போடாத கோட்டு

போன வருஷம் ஆடி மாதக் கடைசியில், செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. என் மகனுக்கு ஆவணியில் கல்யாணம். கூடுவாஞ்சேரியில் மண்டபம் பிடித்திருந்தோம்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடியே காலம் போனதால் சந்தேகம் ரத்தத்தில் ஊறிவிட்டது. கூரியர் பையன் கொஞ்சம் சிரித்துப் பேசினால்கூட, இவன் எதற்கு அடி போடுகிறான் என்றுதான் தோன்றும். "உன் கண்ணுக்கு எல்லாரும் திருடன்தாண்டி" என்பார் என் கணவர்.

அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு கோட்டு இருக்கிறது. பழுப்பு நிற டஸ்ஸர் பட்டில் கழுத்து வரை மூடிய கோட்டு. அவருடைய கொள்ளுத் தாத்தா தன் கல்யாணத்துக்குப் போட்டது. கோட்டுக்கு நூறு வயசு தாண்டியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவர் நிற்கும் போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. கோட்டுக் கை அவர் விரல் வரைக்கும் தொங்கும். அந்தக் காலத்து ஸ்டைல் என்பார்கள். அந்த வீட்டு ஆண்பிள்ளை யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்பில் ஒரு போட்டோவுக்காவது அதைப் போட்டாக வேண்டும். கோட்டுக்கு ரெண்டே ரெண்டு சட்டம்: ஊசி படக் கூடாது, வெளுக்கப் போடக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் எனக்குச் சொன்ன முதல் விஷயமே அதுதான்.

பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தால் தோள்பட்டையில் தையல் விட்டுப்போயிருந்தது. கணவர் முகம் சுண்டிவிட்டது. சம்பந்தி வீட்டில் கோட்டைப் பற்றி அவ்வளவு அளந்துவிட்டிருந்தார், பாவம். வேறு வழியில்லாமல் முதல் சட்டத்தை மீறுவது என்று முடிவானது. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் மூலமாக, பழைய துணிகளைச் செப்பனிடுவதையே படித்த ஒரு பெண் கோவிலம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

வந்ததிலிருந்தே எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை. காசு வேண்டாம், இந்த மாதிரி கோட்டு பார்க்கக் கிடைத்ததே போதும் என்றாள். இந்தக் காலத்தில் காசு வேண்டாம் என்பவரை நம்பலாமா? அடுத்து, பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினாள். ஐயோ, கைரேகை படாமல் வேலை பார்க்கிறாளே என்று பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஒரு வாரம் எடுத்துட்டுப் போய் நிதானமா பண்ணித் தரட்டுமா ஆன்ட்டி?"

"அதெல்லாம் வேணாம்மா. இங்கேயே உக்காந்து பண்ணு. நானும் பக்கத்துல இருக்கேன்."

அவள் சிரித்தாள். எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். கோட்டின் வெளிப்பக்கத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உள்பக்கத்தையே போட்டோ எடுத்தாள். "இதே வீட்டுப் பழைய துணி வேற ஏதாவது இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். சரிதான், கோட்டு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் கொள்ளுத் தாத்தாவின் அங்கவஸ்திரத்தைக் கொடுத்தேன்.

மனசே இல்லாமல் காபி போட எழுந்து போனேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், அவள் கோட்டின் உள்துணியைப் பிரித்து, அங்கவஸ்திர முனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று உள்துணியை மூடிக் கையால் அமுக்கினாள். மாட்டினாயா!

"இன்னாம்மா மறைக்கிற? கையை எடு!"

கோபம் வந்தால் எனக்கு 'என்ன' எல்லாம் 'இன்னா' ஆகிவிடும். சைதாப்பேட்டையில் பிறந்தவள் நான்.

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. கல்யாண நேரம், எதுக்குன்னு..." என்று இழுத்தாள். நான் விடவில்லை. கையை எடுத்தாள்.

ஒரு டோபி மார்க். யார் வீட்டுத் துணி என்று தெரிவதற்காகச் சலவைக்காரர்கள் சேராங்கொட்டை மையால் போடுவார்களே, அந்தக் குறி. கோட்டில் ஒரு பிறையும் புள்ளியும். அங்கவஸ்திரத்தில் ஒரு பெருக்கல் குறி.

"ரெண்டும் ஒரே ஆள் போட்ட மாதிரிதான் இருக்கு ஆன்ட்டி. ஆனா வேற வேற வீட்டுக் குறி" என்றாள் மெதுவாக. இடுப்புப் பக்கம் பல தடவை ஓட்டுத் தையல் போட்டுப் பிரித்த ஊசித் தடங்களையும் காட்டினாள். "அந்தக் காலத்துல சில சலவைக்காரங்க, வெளுக்க வந்த நல்ல துணிய கல்யாணம் காட்சிக்கு வாடகைக்குக் குடுக்கறது உண்டு. ஆளுக்கு ஏத்த மாதிரி புடிச்சு தைச்சிருக்காங்க. நிச்சயமா சொல்ல முடியாதுதான்..."

அவளுக்கு வேண்டுமானால் நிச்சயமில்லாமல் இருக்கலாம். எனக்கு அந்த நிமிஷமே கணக்கு முடிந்துவிட்டது. வெளுக்கவே போடாத கோட்டில் டோபி மார்க் எப்படி வந்தது? எதற்காக வெளுக்கப் போடக் கூடாது என்று சட்டம்? போட்டால் சலவைக்காரர் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்! ஊசி படக் கூடாது என்றால், உள்ளே பிரித்தால் குறி தெரிந்துவிடும்! பக்தி என்று இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம். கொள்ளுத் தாத்தா சலவைக்காரரிடம் வாடகைக்கு வாங்கிய கோட்டைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போட்டோவில் தொங்கும் கோட்டுக் கையைத் தொட்டுக் காட்டி, "கை நீளமா இருக்குறப்பவே எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். மகனோ, "செம மேட்டர்ம்மா, இதைச் சொல்லிக்கிட்டே போடறேன்" என்று சிரித்தான். சொல்லியும் விட்டான். சம்பந்தி வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மண்டபத்தில் அவன் அந்தக் கோட்டோடு நிற்கும்போது பிறையும் புள்ளியும்தான் கண்முன் நின்றன. கோட்டுக்குச் சொந்தமான வீட்டில் அதைக் கேட்டிருப்பார்களே, அந்தச் சலவைக்காரர் என்ன சொல்லியிருப்பார்? வாடகைக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வாயில்லை. சொல்லாவிட்டால் திருட்டுப் பட்டம். எங்கள் கொள்ளுத் தாத்தாவிடம் வந்து எத்தனை தடவை கேட்டுப் பார்த்தாரோ. எந்த முகத்தை வைத்துக்கொண்டு இவர் இல்லை என்றாரோ.

இன்றைக்கும் பீரோவைத் திறந்தால் என் கண்ணுக்குத் தெரிவது கொள்ளுத் தாத்தா இல்லை; என்னைப் போல ஒருத்தி வாசலில் நின்று "நீதான் எடுத்திருப்பே" என்று கத்த, பதில் தெரிந்தும் சொல்ல முடியாமல் துணி மூட்டையோடு தலைகுனிந்து நின்ற அந்த மனிதர்தான்.