காணாமல் போனோர் அட்டவணை

கங்காதருக்கு ஹைதராபாத் மாதாப்பூரில் வேலை. தரவுத்தள அட்டவணைகளை எடுத்து, மற்ற மென்பொருள்கள் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி ஜேசான் என்ற எழுத்து வடிவில் தருகிற ஏபிஐ நிரல் எழுதுவான். கடைச் சரக்கு, பேருந்து இருக்கை, பல் ஆஸ்பத்திரி முன்பதிவு என்று என்னென்னவோ எழுதியிருக்கிறான். ஒரு வருஷம் தொண்டு நிறுவனம் ஒன்றின் வேலை வந்தது. காணாமல் போனவர்களுக்கு ஓர் அட்டவணை. பெயர் தெரியாமல் பிணவறைக்கு வந்த உடல்களுக்கு இன்னொன்று. ஒருவருடைய எண்ணைக் கொடுத்தால் அவர் விவரமும், அவரோடு ஒத்துப்போகும் உடல்களின் விவரமும் ஒன்றாக வர வேண்டும்.

முதல் அட்டவணையில் அவன் தம்பி சாயிலு இருந்தான். பல வருஷத்துக்கு முன் பரீட்சை எழுத நிஜாமாபாத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்தவன், பரீட்சைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை.

நிரலில் எதை மாற்றினாலும் சாயிலுவின் எண்ணைப் போட்டுத்தான் கங்காதர் சோதிப்பான். பெயர், உயரம், இடது புருவத்துத் தழும்பு எல்லாம் வரும். ஒத்த உடல்கள் என்ற இடத்தில், எதுவும் இல்லை என்பதற்கு அடையாளமாக வெறும் அடைப்புக்குறி வரும். அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு டீ தொண்டையில் இறங்கும்.

"ஏன் அண்ணா, ஊர்ல வேற ஆளே காணாமப் போகலையா? எப்பப் பாரு இதே சாயிலுதானா?" என்றாள் பக்கத்து இருக்கை ஸ்ரவந்தி.

"என் தம்பிம்மா."

அதற்கப்புறம் அவள் கேலி பேசவில்லை. அன்று சாயங்காலம் அவள்தான் ஒன்றைக் கண்டுபிடித்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். உடல்களின் அட்டவணை தொடங்குவதே சாயிலு காணாமல் போய் இரண்டு வருஷம் கழித்துத்தான். அதற்கு முந்தியவை பழைய அட்டவணையொன்றில் தனியாகக் கிடந்தன. இத்தனை நாள் அவன் நம்பிய வெறும் அடைப்புக்குறிக்கு ஓர் அர்த்தமும் இல்லை.

"பழசையும் சேர்த்துடலாமா மேடம்?" என்று குழுத் தலைவி பாவனாவிடம் கேட்டான்.

"அதுல பாதிக் கட்டம் காலியா கெடக்கு கங்காதர். சேர்த்தா யாரைக் கேட்டாலும் நூறு பொணத்தைக் காட்டும். குடும்பத்துக்காரங்க என்ன பண்ணுவாங்க, சொல்லு."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அவன் தன் கணினியில் மட்டும் சேர்த்துப் பார்த்தான். ஆண், இருபது வயது இருக்கலாம், அந்த மாதம், இந்த நகரம். தம்பியின் பெயருக்குக் கீழே உடல்கள் வந்தன. திரையை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. ரயில் பாதை, ஏரிக்கரை, பஸ் நிலைய நடைமேடை. உயரம் குறிக்கப்படவில்லை. தழும்பு குறிக்கப்படவில்லை. படம் இல்லை. எல்லா உடல்களையும் மாநகராட்சியே எரித்துவிட்டிருந்தது. இதில் எவனும் சாயிலுவாக இருக்கலாம். எவனையும் சாயிலு என்று சொல்லிவிட முடியாது. நிரலில் சேர்த்த வரிகளை அவனே அழித்தான்.

வேலை முடிந்து ஏபிஐ வெளியானது. அலுவலகத்தில் பிரியாணி வரவழைத்தார்கள். அவன் கை நனைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போசம்மா போன் செய்தாள்.

"கண்ணு, உன் மிஷின்ல தம்பியைப் பத்தி ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலைம்மா."

"செத்தவங்க கணக்குல இல்லைதானே?"

"இல்லம்மா."

"அப்ப உசுரோடதான் இருக்கான்."

அவன் வாயைத் திறப்பதற்குள், அம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அதை உரக்கச் சொல்வது போனில் கேட்டது.