ரியானின் டயப்பர் புண்ணும் எனது வாயும்

1. பெஞ்சு வைத்தியர்கள்

பிள்ளைகள் அழுவதில் வகை உண்டு. ஊசிக்கு அழுகிற அழுகை ஒரு நிமிடத்தில் தீரும். பசி அழுகை நடுவில் மூச்சு வாங்கும். அன்று வியாழக்கிழமை காலை நான் கிளினிக் கதவைத் திறக்கும்போது வாசலில் கேட்ட அழுகை மூச்சே வாங்கவில்லை. தொட்டால் எரிகிற இடம் எங்கேயோ இருக்கிறது என்று பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நாகர்கோவிலில் ஒரு குழந்தைகள் டாக்டரிடமே முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். இதுகூடத் தெரியாவிட்டால் வாங்கிய சம்பளம் செரிக்காது.

பிள்ளை ரியான். வயது ஒரு வருடம் இரண்டு மாதம். தூக்கி வந்தவள் அவன் அம்மா ஆன்சி, கடற்கரை ஊர்க்காரி, இருபத்து மூன்று வயதிருக்கும். கணவன் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. துணைக்கு வந்தவர் கணவனின் அக்கா சகாயம். துணைக்கு வந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சாட்சி சொல்ல வந்தவர் மாதிரிதான் இருந்தார்.

டயப்பரைக் கழற்றினேன். தொடை இடுக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. மலம் போகிற இடத்தைச் சுற்றி வட்டமாகத் தோல் உரிந்து, ரத்தம் கசிகிற பதத்தில் சிவந்து கிடந்தது.

எங்கள் கிளினிக்கில் உள்ளே டாக்டர் ஒருவர்தான். வெளியே பெஞ்சில் எப்போதும் பத்துப் பதினைந்து பேர் பிராக்டிஸ் செய்துகொண்டிருப்பார்கள். ஃபீஸ் கிடையாது. ஒரு அம்மாள், "மஞ்ச அரச்சுப் போடு மக்ளே, ரெண்டு நாளுல வாடிரும்" என்றார். உரிந்த தோலில் மஞ்சளாம்! இன்னொருத்தி, "பவுடர் நல்லாத் தட்டணும்" என்றாள். மூன்றாவது ஆள், தன் தம்பி துபாயிலிருந்து அனுப்பும் ஒரு கிரீமைப் பற்றிப் பேசினார். அதை எதற்குப் போடுவது என்று அவருக்கே தெரியாது, ஆனால் விலை தெரியும். ஆன்சி இவை எல்லாவற்றையும் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டாள் என்பது அந்தப் பிள்ளையின் பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இவளுக்க பாலுதான் சிஸ்டர் பிள்ளைக்குச் சேரல்ல" என்றார் சகாயம், பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி. "தாய்ப்பால நிறுத்திட்டு டின் பாலு குடுட்டின்னு எத்தன தடவ சொல்லியாச்சு. கேட்டாத்தானே."

ஆன்சி பிள்ளையின் சட்டையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எடை போடாமல் சீட்டில் பேனா வைக்க மாட்டார். ஒரு வயதுப் பிள்ளை எடை மெஷினில் அடங்கி உட்காருமா? துள்ளும், புரளும். அதற்கு என்னிடம் ஒரு வித்தை இருந்தது. மேஜையில் ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறைய பிஸ்கட் வைத்திருப்பேன். கையில் ஒன்றைக் கொடுத்தால் பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அந்த நாலு விநாடியில் எடையை வாசித்துவிடுவேன். வேறு கிளினிக் நர்ஸுகள்கூட வந்து கேட்டுப் போன வித்தை அது. ரியானும் அழுகையை நிறுத்திவிட்டு பிஸ்கட்டைக் கடித்தான். எடை எட்டு கிலோ நானூறு.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போது தொடங்கியது என்பது. முதல் பிறந்தநாள் கழிந்து பத்துப் பதினைந்து நாளில். பிறந்தநாளிலிருந்து புதிதாக என்ன கொடுத்தாய்? பசும்பால். வயிறு? இளகித்தான் போகிறது, சளி மாதிரி.

"பசும்பால் ஒத்துக்காம இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். பிள்ளைக்கும் நிறுத்த வேண்டும், தாய்ப்பால் கொடுப்பதால் அம்மாவும் பால் சாமான் எதையும் தொடக் கூடாது. வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை வந்து காட்ட வேண்டும்.

2. நோட்டு

விளக்கிச் சொல்வது என் வேலை. வெந்நீர் கலந்த தண்ணீரில் கழுவு, வாசனை போட்ட ஈரத்துணியால் துடைக்காதே, பருத்தித் துணியால் ஒற்றி எடு, தேய்க்காதே. தினமும் கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாமல் காற்றாட விடு. பிறகு டாக்டர் எழுதிய துத்தநாக கிரீமைத் தோல் தெரியாத அளவுக்கு அப்பு. இதெல்லாம் சாதாரணமாகச் சொன்னேன். சாப்பாட்டுக்கு வந்ததும் எனக்குள் இருக்கிற மேடைப் பேச்சாளி எழுந்துவிட்டாள்.

"பாலுன்னா பாலு மட்டும் இல்ல, கேட்டியா? தயிரு, மோரு, வெண்ணெய், நெய்யி, எல்லாம் பாலுதான். கடையில வாங்குற எந்தச் சாமானானாலும் கவருல உள்ளத வாசிக்காம பிள்ளை வாயில வைக்கப்படாது. பி.காம் படிச்சவதானே, வாசிக்கத் தெரியும்லா?"

பெஞ்சு சிரித்தது. பெஞ்சு சிரித்தால் எனக்கு ஒரு தெம்பு வரும். வருடக்கணக்காக அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த வாய் இது. பிள்ளை வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவரச் சொன்னேன்.

அடுத்த வியாழன் வந்தாள். புண் அப்படியேதான் இருந்தது. நோட்டில், "காலை இட்லி. மதியம் சோறு, மீன். இரவு சோறு" என்று ஏழு நாளும் இருந்தது.

"இது என்ன, பிள்ளை சாப்பிட்டதா, ஹாஸ்டல் மெனுவா?" என்றேன். பெஞ்சு சிரித்தது. "எத்தன மணிக்கு, எவ்வளவு, யாரு குடுத்தா, வயிறு எப்படிப் போச்சு, புண்ணு எப்படி இருந்துது, எல்லாம் வேணும். இல்லேன்னா நோட்டு எதுக்கு, கடல மடிக்கிறதுக்கா?"

அன்று அவள் என்னிடம் ஏதோ கேட்க வந்த மாதிரி நின்றாள். அடுத்த பிள்ளையை மெஷினில் ஏற்ற வேண்டியிருந்தது. "என்ன, இன்னும் என்ன?" என்றேன். "ஒண்ணும் இல்ல அக்கா" என்று போய்விட்டாள்.

மூன்றாவது வியாழன் கொண்டுவந்த நோட்டைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். மணி, சாப்பாடு, வயிறு, புண். ஏத்தன் வாழைக்காய்ப் பொடியைத் தண்ணீரில் காய்ச்சியது நாலு ஸ்பூன் என்பது வரை இருந்தது. தனக்கும் தனியாக ஒரு கட்டம். பாலில்லாத கட்டன் சாயா, சோறு, மீன், மரச்சீனிக் கிழங்கு. இரண்டு வாரமாக ஒரு சொட்டுப் பால் சாயா குடிக்கவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. புண் மட்டும் ஒரு நாள் ஆறுவதும் மறுபடி சிவப்பதுமாக இருந்தது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "நல்லா எழுதியிருக்க" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "எழுத்து கொள்ளாம், அழகாட்டு இருக்கு. ஆனா ஒளிச்சு வச்சு எதையோ குடுக்கிய. புண்ணு பொய் சொல்லாது" என்பது.

"இல்ல அக்கா, சத்தியமாட்டு இல்ல."

"எல்லாரும் இங்க வந்து சத்தியந்தான் பண்ணுதாவ" என்றேன். அன்று பெஞ்சு சிரித்ததில் சகாயத்தின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

டாக்டர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, அடுத்த வாரமும் இப்படி ஆறுவதும் சிவப்பதுமாக இருந்தால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு அலர்ஜிப் பிள்ளைகளுக்கான தனி டின் பாலுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார். மனதில்லாமல்தான் சொன்னார். சகாயம், "நான் சொன்னத டாக்டரே சொல்லிட்டாவ பாத்தியா" என்று வெளியே வந்ததும் பஹ்ரைனுக்கு வீடியோ கால் போட்டார். ஆன்சி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளை அவள் சேலைக்குள் தலையை விட்டுப் பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

3. நாலாவது வியாழன்

அன்று கூட்டம் அதிகம். ரியானை மெஷினில் உட்கார வைத்துப் பாட்டிலைத் திறந்தேன். பிஸ்கட்டை அவன் கையில் கொடுக்கப் போகும்போது ஆன்சி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அந்தக் கிளினிக்கில் என் கையைப் பிடித்தவர்கள் அதற்கு முன்பு யாரும் இல்லை.

"அக்கா, அதுல பாலு உண்டுமா?"

எனக்கு வழக்கமானதுதான் வந்தது. "பின்ன, பசு வந்து இந்தப் பாட்டிலுக்குள்ள கறந்துட்டுப் போச்சா?"

பெஞ்சு சிரித்தது. அவள் கையை விடவில்லை. இன்னொரு கையால் நோட்டை மேஜையில் விரித்தாள். வெள்ளி, புண் சிவப்பு. சனி, ரத்தம். ஞாயிறு, கொஞ்சம் பரவாயில்லை. திங்கள், செவ்வாய், ஆறுகிறது. புதன், நல்லா இருக்கு. மறுபடி வெள்ளி, சிவப்பு. இரண்டு வாரமும் அச்சடித்த மாதிரி.

"வெள்ளிக்கிழம உங்க வீட்டுல என்ன விசேஷம்?" என்றேன், இன்னும் திமிர் அடங்காமல்.

"வெள்ளிக்கிழம ஒண்ணும் இல்ல அக்கா. வியாழக்கிழம இங்க வருவோம்லா."

பிஸ்கட் என் கையிலேயே இருந்தது. நான் பாக்கெட் வாங்கியதும் பாட்டிலில் கொட்டிவிட்டுக் கவரைக் குப்பையில் போடுகிறவள். அத்தனை வருடத்தில் அந்தக் கவரை ஒரு நாள் திருப்பிப் பார்த்ததில்லை. "பிள்ளையப் பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டுக் கீழே கடைக்கு இறங்கினேன்.

அதே பாக்கெட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். கடைக்காரர், "என்ன சிஸ்டர், எக்ஸ்பைரி பாக்கியளா? நேத்து வந்த சரக்கு" என்றார். கோதுமை மாவு, சீனி, எண்ணெய், பால் பவுடர். வாசிப்பதற்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை. முன்பக்கம் ஒரு டம்ளர் பால் படம் வேறு போட்டிருந்தான். பி.காம் எல்லாம் வேண்டாம், ரியானே கண்டுபிடித்திருப்பான்.

படியேறி வரும்போது ஒரு யோசனை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். பாட்டிலை இன்றே கழுவிக் கவிழ்த்துவிட்டால் போதும். புண் தானாக ஆறும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே டாக்டர் இன்று தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி எழுதப் போகிறார். புண் ஆறினால் என்ன பெயர் வரும்? தாயின் பாலை நிறுத்தியதால் ஆறியது என்று வரும். சகாயம் அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு பெண் தன் பாலே தன் பிள்ளைக்கு விஷம் என்று நம்பிக்கொண்டு கிடப்பாள்.

நேரே டாக்டர் அறைக்குள் போய்ப் பாக்கெட்டை அவர் மேஜையில் வைத்தேன். "நாலு வாரமா ரியானுக்குப் பாலு குடுத்தது நான்தான் டாக்டர்" என்றேன். இன்றைக்குக் கொடுக்கவில்லை, மூன்று வாரம்தான். பதற்றத்தில் கணக்கும் தப்பிவிட்டது.

அவர் பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கவர வாசிக்கணும்னு ஊருக்கெல்லாம் நீங்கதானே கிளாஸ் எடுப்பிய சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான். தாய்ப்பால் தொடரட்டும், பிஸ்கட் இல்லாமல் இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம், அப்போதும் ஆறாவிட்டால் வேறு காரணம் தேடலாம் என்று சீட்டில் எழுதினார்.

வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றேன். எந்தக் குரலில் அவளைக் கேலி பண்ணினேனோ அதே குரலில் சொல்ல வேண்டும் என்று பட்டது. "ஆன்சி ஒண்ணும் ஒளிச்சுக் குடுக்கல்ல. நான் குடுத்த பிஸ்கட்டுல பாலு உண்டும். குத்தம் எனக்குத்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சகாயம் மட்டும், "அப்ப இவளுக்க பாலுல கொறை ஒண்ணும் இல்லியா?" என்றார்.

"இவளுக்க பாலுல என்ன கொறை? அதக் குடிச்சுத்தான் பிள்ளை இந்த அளவுக்காவது இருக்கான்."

ஆன்சி பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டு, பெஞ்சின் நடுவிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். படிக்கட்டுக்குப் போகவில்லை.

4. அவள் சொன்னது

இரண்டு வாரத்தில் புண் ஆறிவிட்டது. புதுத் தோல் வெளிறிப்போய் இருந்தது, அவ்வளவே. எடை போட்டோம். பிஸ்கட் இல்லை. ரியான் ஊரைக் கூட்டினான். நானும் ஆன்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒருவாறு வாசித்தோம்.

டயப்பரைக் கட்டிக்கொண்டிருந்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, கோணலாகத்தான் வந்தது. "அந்தப் பிஸ்கட்டையும் நோட்டுல எழுதியிருந்தா மொதல்லயே பிடிபட்டிருக்கும் மக்ளே" என்று அதிலும் ஒரு குறை சொன்னேன்.

"மொத வாரம் எழுதல்ல. டாக்டருக்க எடத்துல குடுக்கியது மருந்து மாதிரிதானேன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ரெண்டாவது வாரமே எனக்குச் சந்தேகம் உண்டு அக்கா. கேக்கத்தான் வந்தேன். நீங்க கேலியாட்டு வல்லதும் சொல்லுவிய, எல்லாரும் சிரிப்பாவன்னு கேக்கல்ல, எழுதவும் இல்ல."

இரண்டாவது வாரம். அப்போதே கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் இரண்டு வாரம் ரத்தம் கசியக் கிடந்திருக்காது. அவளும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்க மாட்டாள். பிஸ்கட்டில் பால் இருந்தது அறியாமல் செய்த பிழை. இந்த இரண்டு வாரம் அப்படி இல்லை. அதைப் பெஞ்சின் சிரிப்புக்காக நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

கிரீம், காற்று, பருத்தித் துணி, கவர் வாசிப்பது எல்லாம் புதிதாக நர்ஸ் வேலைக்கு வருகிற உங்களுக்கு டிரெயினிங்கில் சொல்லித் தருவார்கள். எந்தப் பிள்ளைக்கானாலும் நாம் கையில் கொடுப்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ரியானுக்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு தாயிடமும் கடைசியாக, "வேற வல்லதும் கேக்கணுமா மக்ளே?" என்று கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்தக் கிளினிக்கில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.