எனக்குக் கொண்டை போட்டவள்

தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பிள்ளைக் காம்பரா ஆயாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினெட்டு வருஷம் பிள்ளை தூக்கிய கை. கடைசியில் அந்தக் கையே என் காலை வாரிவிட்டது.

முதலில் தலை சீவ முடியாமல் போனது. சீப்பு காதுவரை போகும், அதற்கு மேல் கை ஏறாது. வலித்தாலாவது சொல்லிக்கொள்ளலாம், வலியும் பெரிதாக இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வயசாச்சுல்ல, வாதமா இருக்கும்" என்று தைலம் கொடுத்தார். எனக்கு அப்போது நாற்பத்தாறு.

லயத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவள் தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் வந்து எனக்குக் கொண்டை போட்டுவிடுவாள்.

"யாருக்கிட்டயும் சொல்லிறாத. வேல போயிரும்."

"நான் எதுக்குக்கா சொல்லப் போறேன்?" என்றாள். அவளுடைய கடைக்குட்டியும் என்னிடம்தான் இருந்தது.

நான் தந்திரம் பழகினேன். தொட்டில் சேலைகளை ஒரு முழம் இறக்கிக் கட்டினேன். தரையில் உட்கார்ந்து, தவழும் பிள்ளைகளை மடிக்கு வரவைத்தேன். ஒருநாள் ஒரு குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு கையும் தளர்ந்தன. குழந்தை என் மடியில் விழுந்து சிரித்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரி என் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது அதையும் சொல்லி அழுதேன்.

இரண்டு நாள் கழித்து தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. இனி வேலைக்கு வரவேண்டாம், இந்தக் கடிதத்தோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள்.

அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் என் தொடையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் உட்காரவைத்து விளக்கினார்.

"அம்மா, கிருமியை அடிக்கிறதுக்கெண்டு ரத்தத்தில கலங்கள் இருக்கு. அதுகள் உங்கட தசையை எதிரியெண்டு நினைச்சு அடிக்குது. கனகாலமா உள்ளுக்க அழற்சி இருந்திருக்கு. மருந்து அதை அடக்கும். ஆனா வயசு போகப் போக தசை தானாவே குறையும். போனது முழுக்கத் திரும்பி வருமெண்டு சொல்லேலாது."

நான் சோறு போட்டு வளர்த்த உடம்புக்கு என்னை அடையாளம் தெரியவில்லையாம். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

டாக்டரின் கடிதத்தைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் அதை வாசித்துவிட்டு, "ஒங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து சொன்னதும் நல்லதாப் போச்சு" என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல் சீப்போடு வாசலில் வந்து நின்றாள்.

"நீதானா?" என்றேன்.

அவள் தலை குனியவில்லை. "என் புள்ளையும் அந்தத் தொட்டில்லதானக்கா கெடக்குது."

நியாயம்தான். ஆனால் காட்டிக்கொடுத்த அன்றும், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், என் தலையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கொண்டை போட்டுவிட்டுப் போனாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியே போ என்று சொல்ல வாயெடுத்தேன். அவிழ்ந்த முடி முகத்தில் விழுந்து கிடந்தது. ஒதுக்கப் பார்த்தேன். கை காதோடு நின்றுவிட்டது.

திரும்பி உட்கார்ந்து அவளிடம் தலையைக் கொடுத்தேன். நன்றாக இறுக்கி முடிந்துவிட்டு, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். அவள் போனதும் அந்தக் கொண்டையைப் பிய்த்தெறிய வேண்டும்போல் இருந்தது. அதற்கும் கை எட்டவில்லை.