சுண்ணாம்புத் தண்டவாளம்

மரியநாதனுக்கு ரயில்வேயில் வேலை பார்க்கத்தான் ஆசை. ஆங்கிலம் வாயில் நுழையாததால் அந்த ஆசை மலாயாவில் குளுவாங் ஸ்டேஷன் வாசலோடு நின்றுபோனது. கிடைத்ததென்னவோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வாத்தியார் உத்தியோகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு வாக்கில் நடந்தது இது. பள்ளிக்கூடம் என்பது ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்டுவந்த பழைய கொட்டகை. பிள்ளைகள் பன்னிரண்டுக்குக் குறைந்தால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகத் துரை முதலிலேயே சொல்லிவிட்டார். முட்டிமோதிச் சரியாகப் பன்னிரண்டுதான் தேறியது.

விடியுமுன்னே எழுந்து ரப்பர் மரத்துப் பால் வடியும் கப்புகளைத் துடைத்துவிட்டு வரும் பிள்ளைகள், எழுத்தைக் கண்டதும் தூங்கி விழுந்தார்கள். பிரம்பை எடுத்தால் மறுநாள் அந்தத் தலையும் குறையும். யோசித்துப் பார்த்த மனிதர் தரையில் சுண்ணாம்பால் ஒரு தண்டவாளம் போட்டார். பிஸ்கட் தகர மூடிகளில் ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், ஜொகூர் பாரு என்று எழுதி வழிநெடுக வைத்தார். குளுவாங்குக்குத் தெற்கே அவரே போனதில்லை. ஸ்டேஷன் சுவரில் பார்த்து வைத்திருந்த பெயர்கள்தாம்.

ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துப் பிள்ளைகள் ரயிலானார்கள். முன்னால் நிற்பவர் எஞ்சின். ஊர்ப் பெயரை எஞ்சின் வாசித்தால்தான் வண்டி நகரும். தடுமாறினால் கடைசிப் பெட்டியாக வேண்டும். சரியாக வாசித்தவர் பிடித்த ஊரில் இறங்கிக்கொள்ளலாம். கடைசிப் பெட்டியாகும் அவமானத்துக்குப் பயந்தே எழுத்து மண்டையில் ஏறியது. தூக்கமாவது ஒன்றாவது.

பால்வெட்டுக்காரி பேச்சியம்மாளின் மகள் செல்லம்தான் நிரந்தர எஞ்சின். எல்லா ஊரையும் வாசிப்பாள். ஆனால் இறங்குவது கூலாயில் மட்டும்.

"ஏன் புள்ள, எப்பப் பாத்தாலும் அங்கயே எறங்குற?"

"எங்க மாமா அங்கதான் இருக்காங்க ஐயா."

பேச்சியம்மாளின் புருஷன் காய்ச்சலில் செத்தபின், கங்காணி காளியப்பன் அவளைப் படுத்திய பாடு கூலிகள் குடியிருந்த லயம் முழுக்கத் தெரியும். தட்டிக்கேட்கத்தான் ஆளில்லை. தோட்டத்தை விட்டு ஓடியவர்கள் முன்பும் உண்டு. "இது எந்த ஊருங்க?" என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கேட்டுக் கேட்டே மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு காலை, ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது பேச்சியம்மாள் இல்லை. காளியப்பன் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தான்.

"வாத்தியாரே, தாயும் மவளும் ரயிலேறிட்டாளுங்க. அந்தப் புள்ள ஒங்ககிட்ட வாயடிக்குமே, எந்த ஊருக்குன்னு சொல்லுங்க. வண்டி இன்னும் ரெங்கம் தாண்டியிருக்காது. தந்தி அடிச்சு எறக்கிப்புடலாம்."

காளியப்பன் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"அது போனா இங்க பதினொண்ணுதான். கொட்டகை போயிரும். நீங்களும் பொட்டியக் கட்ட வேண்டியதுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கத்தான் செய்தார். இந்த வேலையும் போனால் அவருக்குப் போக்கிடம் இல்லை. கூலாய் என்று எழுதிய தகர மூடி காளியப்பனின் கால்பக்கமே கிடந்தது. நல்லவேளை, ஊரையே உருட்டி மிரட்டிய அவனுக்கு எழுத்து மட்டும் தெரியாது.

"எனக்குத் தெரியாதுங்க," என்றார்.

"சரி, எங்க போயிருவா? யார்கிட்டயாவது வழி கேட்டுத்தான ஆகணும்."

கேட்க மாட்டார்கள் என்று சொல்ல வந்ததை வாத்தியார் விழுங்கிக்கொண்டார்.

அந்த மாதமே கொட்டகையில் ரப்பர் ஷீட்டு தொங்கியது. டிரங்குப் பெட்டியோடு மரியநாதன் முதல்முறையாகத் தெற்கே போகும் ரயிலில் ஏறினார். அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன வழி என்ற கவலையும் கூடவே ஏறிக்கொண்டது.

கூலாயில் வண்டி நின்றது. பலகையில் தமிழிலும் ஊர்ப் பெயர் இருந்தது. விளையாட்டின் சட்டப்படி, வாசித்தவர் இறங்கலாம். இறங்கி விசாரித்தால் தேடிக் கண்டுபிடித்தும் விடலாம். ஆனால் தான் விசாரித்த தடத்தைப் பிடித்தே காளியப்பனும் வந்துவிடுவான் என்று நினைத்து, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. வண்டி நகரும்வரை அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இதை வாசித்துவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கியிருப்பாள் செல்லம். அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.