தைலம் அழித்த எழுத்துகள்

நேற்று மகளுக்கு மூக்கடைப்பு. கைக்குட்டையில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டேன். அதிகமாகிவிட்டதோ என்று உடனே தோன்றியது. கைக்குட்டையை உதறினேன். உதறினால் குறைந்துவிடுமா என்ன? கடைசியில் அதை அவள் சட்டையில் குத்தாமல் தலையணை ஓரத்தில் வைத்தேன், பிறகு இது போதாதோ என்று கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினேன். தைல வாசனை வந்தால் மற்றவர்களுக்குத் தாங்கள் சளி பிடித்துக் கிடந்த நாட்கள் நினைவுக்கு வருமாக இருக்கும். எனக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் நினைவுக்கு வருகிறது. அதை நான் தைலம் போட்டுத் துடைத்தேன்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

அது இவள் வயிற்றில் இருந்த வருடம். குன்னூரில் ஒரு டி.டி.பி. கடையில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று எது வந்தாலும் டைப் செய்து, படங்களை வைத்துப் பக்கம் அமைத்து, அச்சகத்துக்கு அனுப்புவோம். கடை ஸ்டெல்லா அக்காவுடையது. எங்கள் வீடு அரவேணுவை ஒட்டி இருந்தது. அங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஏழாம் மாதம் பிறந்ததும் டாக்டர் அந்த வளைவுகளில் குலுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஸ்டெல்லா அக்காதான் வழி சொன்னார். "ஊட்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்தா அங்கயே செய்யும்மா. பென் டிரைவ்ல போட்டு கண்டக்டர்கிட்டக் குடுத்து உடு. நான் பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கறேன்."

கோயம்புத்தூரில் வேலை பார்த்த என் கணவர் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை விலை பேசி, சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றி வந்தார். மேசைக்கு அடியில் பெட்டியையும் மேலே பழைய குண்டு மானிட்டரையும் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போய்விட்டார். வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் என் மாமியார். முப்பது வருடம் எஸ்டேட்டில் இலை பறித்தவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எதுவும் காய்வதில்லை. துணி அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு எரியும். அப்படி எரிந்தும் தோல் செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும், பள்ளிச் சான்றிதழில் பிடிக்கும். அந்தப் பெட்டியின் முதுகில் அது வரும்போதே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பூஞ்சணத்துக்கு எங்கள் வீட்டு மருந்து தைலம்தான். நான் பொறுப்பான மருமகள் இல்லையா? பழைய துணியில் தைலம் நனைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, மூலைமுடுக்கெல்லாம் துடைத்தேன். அங்கே ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் மார்க்கர் பேனாவால் என்னவோ எழுதியிருந்தது. பார்த்தேன், படிக்கவில்லை. பூஞ்சணத்தோடு அந்த எழுத்தும் துணியோடு வந்துவிட்டது. அப்பாடா, பளிச்சென்று இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

ஆன் செய்தேன். எழுத்தெல்லாம் கத்தரிக்காய் அளவில் வந்து நின்றது. பக்கத்தில் கால்வாசிதான் திரையில் தெரிந்தது. புகைப்படத்தில் மாணவிகளின் முகம் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. கையில் இருந்ததோ ஒரு பள்ளி ஆண்டு மலர், முப்பத்திரண்டு பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் அது போயாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்குள் செல்போன் எடுக்காது. வீட்டுக்கு மேலே பாதை திரும்பும் வளைவில், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால்தான் இரண்டு கோடு வரும். ஆகவே நான் மரத்தடியில் போனோடு, அத்தை உள்ளே கம்ப்யூட்டரோடு. ஸ்டெல்லா அக்கா சொல்வதை நான் கத்துவேன், அத்தை பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து பதில் கத்துவார்.

"அத்தை! நான் தொறந்து வெச்ச லிஸ்டுல மஞ்சளா ஏதாவது இருக்குதுங்களா?"

"மஞ்சக் கலர்ல கேள்விக்குறி மூணு நிக்குது அம்மிணி! ஒன்னுக்குப் பக்கத்துல டி.வி. பொம்மை போட்டிருக்குது!"

"அதேதான்," என்றார் ஸ்டெல்லா அக்கா போனில். "டிஸ்ப்ளேவுக்கு டிரைவர் போடல, அதான் திரைய நடத்தற புரோகிராம். வித்தவங்க எல்லாத்தயும் அழிச்சுட்டுக் குடுத்திருக்காங்க. சரியான சி.டி. போட்டா ரெண்டே நிமிசம். உள்ள இருக்கற போர்டோட மாடல் நம்பர் சொல்லு. பெட்டிக்குப் பின்னாடி ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டியிருப்பாங்க பாரு."

அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

"ஸ்டிக்கர் ஒன்னுமே இல்லீங்களே அக்கா," என்றேன். நான் அதிகம் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் ஏழு மாத வயிற்றோடு, இருக்கும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கிறவள் "நான்தான் தைலம் போட்டு அழித்தேன்" என்று எப்படிச் சொல்வாள்?

அக்கா நம்பினார். கடையில் கிடந்ததில் குத்துமதிப்பாக மூன்று சி.டி.யைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். முதல் இரண்டும் "இது உங்கள் கம்ப்யூட்டருக்கு அல்ல" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டன. மூன்றாவது ஒன்றும் சொல்லாமல் ஏறிக்கொண்டது. திரும்ப ஆன் செய்தால் திரை முழுக்கக் கறுப்பு. அணைத்து, எஃப் எட்டு பட்டனைத் தட்டிக்கொண்டே ஆன் செய்து, போட்டதை எடுத்துவிட்டுப் பழைய கத்தரிக்காய் எழுத்துக்கே வந்து சேர ஒரு மதியம் போயிற்று. அத்தனை நேரமும் மானிட்டர் வெளிச்சம் குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று பயந்து, வயிற்றின் மேல் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "ஏன் அம்மிணி, தலகாணி வெச்சா கரண்டு வெளியவே நின்னுக்குமா?"

"கரண்டு இல்லீங்க அத்தை, கதிர்."

"அப்ப ரெண்டா வெய்யி."

மூன்று சி.டி.களையும் திருப்பி அனுப்பினேன். வியாழக்கிழமை காலையில் போன் செய்தபோது ஸ்டெல்லா அக்கா எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "ஏம்மா, சி.டி. எல்லாம் தைல வாசம் அடிக்குதே, உனக்குச் சளியா?"

அழுகை வந்துவிட்டது. மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோடு போய்விட்டதோ என்று பார்த்தேன். இரண்டு கோடும் இருந்தது.

"இதத் திங்கக்கெழமையே சொல்லியிருந்தா மூணு நாள் மிஞ்சியிருக்கும்ல?" என்றார் அக்கா. பிறகு குரல் இறங்கியது. "பாரும்மா, அந்த ஸ்கூலுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன். நாளைக்கு சாயங்காலம் பக்கம் வரலைன்னா வேற பொண்ணுக்குத்தான் குடுத்தாகணும். அவ வந்துட்டா அப்புறம் அவளப் போன்னு சொல்ல முடியாது. போயி பெட்டியத் தொற. போர்டு மேலயே நம்பர் அச்சடிச்சிருக்கும்."

ஸ்க்ரூ டிரைவரோடு போனால் அத்தை வாசலை மறித்துக்கொண்டார்.

"நீ உள்ள வராத. கரண்டு அடிச்சா உனக்குன்னா ரெண்டு பேருக்கு. எனக்குன்னா ஒருத்திக்குத்தான். நான் பாக்கறேன்."

"பிளக்கை எடுத்துட்டா ஒன்னும் ஆகாதுங்க அத்தை."

"எடுத்துட்டயா?"

எடுத்திருந்தேன். ஆனாலும் அவர் கேட்டவுடன் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போய் மறுபடி பார்த்துவிட்டு வந்தேன். பெட்டியைத் தூக்கி மேசை மேல் வைத்திருந்தால் நானே படித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அத்தை சேலையைச் சொருகிக்கொண்டு, நான் சொன்ன ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியை எடுத்துவிட்டு, டார்ச்சோடு மேசைக்கு அடியில் படுத்தார்.

"எழுத்து இருக்குது. கொள்ளு மாதிரி சின்னச் சின்னதா."

"என்ன எழுத்துங்க?"

"எனக்கென்ன தெரியும்? பேனா குடு. கண்ல தெரியறத அப்பிடியே வரைஞ்சு போடறேன்."

நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். முதுகு தெரிய வெகுநேரம் கிடந்தார். எழுந்தபோது தாளில் ஒன்பது உருவங்கள் இருந்தன. எழுதியவை போல இல்லை, கோலம் போட்டவை போல இருந்தன. ஒவ்வொன்றையும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஏதோ ஒரு முனையிலிருந்து இழுத்திருந்தார். வாலுள்ள வட்டம் ஒன்று, ஏணி போல ஒன்று. கடைசிக்கு முந்தினது கொக்கி வைத்திருந்தது. அது ஜி-யா, ஆறா?

"கொக்கி உள்ள மடங்குதுங்களா, மேல ஏறுதுங்களா?"

"உள்ள மடங்குது. நான் என்ன, இல்லாததயா வரைவேன்?"

மரத்தடிக்குப் போய் இரண்டு விதமாகவும் படித்தேன். அக்கா ஜி-யை எடுத்துக்கொண்டார். மதிய பஸ்ஸில் ஒரு சி.டி. வந்தது. போட்டதும் திரை ஒருமுறை கறுத்தது. பிறகு எழுத்தெல்லாம் மிளகளவுக்கு இறங்கி, முழுப் பக்கமும் தெரிந்தது. மாணவிகளின் முகம் முகமாகியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டக்டரிடம் பென் டிரைவைக் கொடுக்கும்போது "பத்திரமுங்க" என்று மூன்று முறை சொன்னேன். "நான் என்ன முழுங்கிருவனுங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் விசில் ஊதினார். அந்த வேலை அதன் பிறகு நான்கு வருடம் என்னிடமே இருந்தது.

இப்போது ஸ்டெல்லா அக்கா கடை இல்லை. எல்லோரும் கல்யாணப் பத்திரிகையைப் போனிலேயே செய்து போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அந்த மரத்தையும் பாதையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். வீட்டுக்குள்ளேயே இப்போது நான்கு கோடு வருகிறது. சி.டி.கள் பீன்ஸ் கொடியில் குருவி விரட்டத் தொங்குகின்றன. மகளின் லேப்டாப் தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே தேடிப் போட்டுக்கொள்கிறது, தன் நம்பரை யாரிடமும் கேட்பதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன். நம் விவரம் எதுவும் வெளியே போய்விடக் கூடாதே என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்து, பயம் தீராமல் சி.டி. போடும் தட்டைத் திறந்து மூன்று முறை பார்த்தேன். மறுபடி தேவைப்படும் என்று அத்தை வரைந்த அந்த நாள்காட்டித் தாளைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது, கழற்றிய மூடியைக் கவிழ்த்து வைத்ததால் கண்ணில் படாமல், வண்டி போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நேற்று, தைல வாசனையில், அத்தையிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். பேத்தியின் நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அதுக்கென்ன அம்மிணி? எழுத்தச் சொல்லு, இன்னொன்னு வரைஞ்சு தர்றேன்."

யோசித்துப் பார்த்தேன். உள்ளே மடங்கும் கொக்கி ஒன்றைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை.