ஓடெஸாவின் சிரிப்பு

துணிமணி வைக்கும் சிற்றறையில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. அதன் பின்னால் டிரம் அதிர்ந்தது. டெட்ராய்ட் கார் ஆலையில் பதினெட்டு வருடம் கதவு மாட்டிக்கொண்டே, அந்த அறையில் ராப் பாடி இசையமைத்து வந்தவன் லமான்ட். முதல் பாட்டில் தற்செயலாகப் பதிவாகிவிட்ட மனைவி ஓடெஸாவின் சிரிப்பையே தன் எல்லாப் பாட்டுக்கும் முத்திரையாக வைத்திருந்தான்.

"பாட்டு பிரமாதம். வாங்கிக்கிறோம். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டிடுங்க," என்றார் இசை நிறுவனத்திலிருந்து வந்த ப்ரூயிட்.

"வெட்டித் தொலையேன்யா! இதுக்குத்தானே இத்தனை வருஷம் காத்துக் கெடந்தே?" என்று அடுக்களையிலிருந்து கத்தினாள் ஓடெஸா.

லமான்ட் தலையாட்டி மறுத்தான். "கேக்க ஆளே இல்லாதப்போ கேட்டவ இவ ஒருத்திதான் சார். சிரிப்பு இல்லேன்னா பாட்டும் இல்ல."

"பைத்தியம்!" என்று ஓடெஸா கலகலவென்று சிரித்துவிட்டாள். ப்ரூயிட்டும் தன்னை மறந்து சிரித்தார்.

"சரி, சிரிப்பும் இருக்கட்டும். திங்கக்கிழமை ரெண்டு பேரும் ஸ்டூடியோவுக்கு வாங்க."

அவர் படியிறங்கியதும், ஓடெஸா கண்ணைத் துடைத்தபடி கதவைச் சாத்தினாள்.