இரண்டு கட்சிக்கு நடுவே ராசாத்தி கல்யாணம்

வள்ளிக்கண்ணு என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் குடியிருந்துகொண்டு, மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுக்கு முதல் பஸ்ஸில் போய்வந்தாள். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைக்கிற வேலை. நாள் முழுக்க நெல்லில் நின்றவள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத்தான் அவித்துப் போட்டாள். அப்படி ஒரு அரிசித் தட்டுப்பாடு.

அவள் புருஷன் பிச்சமுத்து காங்கிரஸ்காரர். திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலை வந்தபோது வேலை கிடைத்தவர். கட்சியைக் குறை சொன்னால் சாப்பாட்டை விட்டே எழுந்துவிடுவார். ஒரே மகள் ராசாத்திக்கு உப்பிலியபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா அம்மாசி கழகத்துக்காரர். கறுப்பு சிவப்புத் துண்டு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போயிருந்தது.

அறுபத்தேழு தை மாதம் பரிசம் போட வந்தார்கள். தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. தட்டு மாற்றப் போகும்போது அம்மாசி சொன்னார்: "கல்யாணம் எங்க சுயமரியாதை முறைப்படி மேடையிலதாங்க. ஐயரு கிடையாது. கட்சிப் பெரியவரு ஒருத்தர் மாலை எடுத்துக் கொடுப்பாரு."

"அது கோர்ட்டுல செல்லாதுங்க சம்பந்தி," என்றார் பிச்சமுத்து.

"செல்லாம வச்சிருக்கிறதே உங்க ஆட்சிதானே!"

"எங்க ஆட்சிதான் பள்ளிக்கூடத்துல சோறு போட்டுச்சு, அணை கட்டுச்சு, ஃபாக்டரி கொண்டாந்துச்சு. நீங்க என்ன செஞ்சீங்க?"

"அரிசிக்கு வரிசையில நிக்க வச்சதை விட்டுட்டீங்களே! நாங்க வந்தா ரூபாய்க்கு மூணு படி."

"வாயால அளக்குற படிதானே!"

அம்மாசி தட்டோடு எழுந்துவிட்டார். உள்ளே ராசாத்தி விசும்புவது கேட்டது. அக்கா போய் வாசற்படியில் மறித்து நின்றாள்.

"உக்காருங்கண்ணே. இவரு கட்சி போட்ட சோத்துலதான் என் பொண்ணு எட்டாவது வரைக்கும் படிச்சா. அதே ஆட்சியிலதான் கிழங்கு திங்கிறோம். ரெண்டும் நெசம். உங்க கட்சி இன்னும் அடுப்பே பத்த வைக்கலை. மேடைக் கல்யாணம் எனக்குச் சம்மதம். ஆனா எங்க நாகம்மா சித்தியும் மேடையிலதான் மாலை மாத்துனாங்க. சித்தப்பா செத்ததும், அது கல்யாணமே இல்லைன்னு கொழுந்தனுங்க காட்டைப் புடுங்கிக்கிட்டாங்க. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எழுதிட்டு மேடை ஏறட்டும். எந்தக் கட்சி வந்தாலும் செல்லணும்."

"எங்க மேல நம்பிக்கை இல்லையா தங்கச்சி?"

"உங்க மேல இருக்குண்ணே. உங்க காலத்துக்கு அப்புறம்?"

 அம்மாசி உட்கார்ந்து தட்டை நீட்டினார்.

தேர்தலில் கழகம் ஜெயித்தது. 'நம்ம ஆட்சியில ரிஜிஸ்தர் எதுக்கு?' என்று அம்மாசியின் பங்காளிகள் தூபம் போடுவதாக உப்பிலியபுரத்திலிருந்து சேதி வந்தது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்ன வார்த்தையிலிருந்து இறங்கவும் இல்லை. வைகாசியில் குறித்த நாளன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் காத்திருந்தோம். முதல் பஸ்ஸில் அவர்கள் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பிச்சமுத்து, "வீட்டுக்குப் போவோம்," என்றார். அக்கா அசையவில்லை.

மூன்றாவது பஸ்ஸில் மகனோடு வேர்த்து விறுவிறுத்து இறங்கினார் அம்மாசி. பங்காளி ஒருவர்கூடக் கூட வரவில்லை.

"எங்க ஆட்சிதான் தங்கச்சி. சட்டம் கண்டிப்பா வரும். வர்ற வரைக்கும் புள்ளைங்க காத்திருக்க முடியுமா? எங்க கையெழுத்து போடணும்?"

"மூணு படி எங்க சம்பந்தி?" என்றார் பிச்சமுத்து.

"இன்னைக்கு ஒரு நாளாவது விடுங்களேன்!"

அவர் சொன்ன சட்டம் பிறகு வரத்தான் செய்தது. ரூபாய்க்கு மூணு படி அரிசி ஒரு படியாகி, மெட்ராஸ், கோயமுத்தூரோடு நின்றுவிட்டது. அதை வைத்துச் சம்பந்திகள் இருவரும் சாகும்வரை சண்டை போட்டார்கள். ஆனால் அன்று இருவரும் ஒரே பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது சாட்சியாக அக்கா கைநாட்டு வைத்தாள். கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "நல்லாப் பதிஞ்சிருக்கா பாருங்கய்யா," என்று குமாஸ்தாவிடம் இரண்டு தரம் கேட்டாள்.